திமிங்கலத்தை யார் எண்ணுவது?

அலாஸ்காவின் வடகோடியில் பாரோ என்று ஓர் ஊர். 2016-இல் உட்கியாக்விக் என்ற தன் பழைய பெயருக்கே திரும்பிவிட்டது. 1977-இல் அந்த ஊருக்கு ஒரு செய்தி வந்தது: இனிமேல் வில்தலைத் திமிங்கலத்தை வேட்டையாடக் கூடாது. முடிவெடுத்தது சர்வதேசத் திமிங்கல ஆணையம். அங்கே வாழும் இனுபியாட் மக்களுக்கு இந்தத் திமிங்கலம் உணவு, பண்டிகை, உறவுமுறை எல்லாமே. கடல்நாய்த் தோல் போர்த்திய படகில் போய்ப் பிடித்துவந்து, ஊர் முழுக்கப் பங்கிடுவது அவர்கள் வழக்கம். ஆணையம் சொன்ன காரணமும் லேசானதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கத் திமிங்கலக் கப்பல்கள் பெரிங் நீரிணைக்குள் புகுந்து, எண்ணெய்க்காகவும் தாடைத் தகடுகளுக்காகவும் இந்த இனத்தைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்திருந்தன. மிச்சம் இருப்பது சில நூறிலிருந்து இரண்டாயிரத்துக்குள்தான் என்பது அன்றைய ஆய்வாளர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வசந்த காலத்தில் கடல்பனி பிளந்து, கரையை ஒட்டி நீளமான நீர்வழி ஒன்று திறக்கும். திமிங்கலங்கள் அதன் வழியாக வடக்கே போகும். ஆய்வாளர்கள் பனிமேட்டில் நின்று, கடந்துபோகும் ஒவ்வொன்றையும் எண்ணினார்கள். நேர்மையான வேலை, கடுங்குளிரில் செய்த வேலை. ஆனால் வேட்டைக்காரர்கள் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். நீங்கள் எண்ணுவது கண்ணுக்குப் படுவதை மட்டும்தான் என்றார்கள். திமிங்கலம் நீர்வழியில் மட்டும் போவதில்லை, அதற்கு வெகுதூரம் அப்பால் மூடிய பனிக்கு அடியிலும் போகும், மூச்சுவிட வேண்டுமென்றால் தலையால் பனியை முட்டி உடைத்துக்கொள்ளும் என்றார்கள். ஹாரி புரோவர் என்ற மூத்த வேட்டைத் தலைவர் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களில் ஒருவர்.

டாம் ஆல்பர்ட் என்ற கால்நடை மருத்துவ விஞ்ஞானி அங்கே ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்தார். கிழவர் கதை விடுகிறார் என்று அவர் ஒதுக்கவில்லை, அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. சோதித்துப் பார்க்கத் தகுந்த கருத்து என்று எடுத்துக்கொண்டார். 1980-களில் பனிக்குக் கீழே நீரடி மைக்குகளை இறக்கினார்கள். பனிமேட்டில் நிற்பவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத நேரத்திலும் கீழே திமிங்கலங்கள் குரல் கொடுத்தபடி போய்க்கொண்டிருந்தன! குரல் வந்த இடத்தைக் கணித்தபோது, பல கிலோமீட்டர் தள்ளி, பனி மூடிய இடத்திலிருந்தும் வந்தது தெரிந்தது. 1993 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 8,000-ஐத் தொட்டது. 2001-இல் பத்தாயிரத்தைத் தாண்டியது. 2011-இல் ஏறத்தாழ 16,900.

இந்தப் பெருக்கம் முழுவதும் எண்ணும் முறை மாறியதால் வந்ததில்லை. இனமும் உண்மையிலேயே வளர்ந்துவந்தது. ஆனால் தொடக்கக் கணக்கு மிகக் குறைவு என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை.

இதற்கிடையில் வேட்டைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1977-லேயே அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல ஆணையம் என்று தங்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். முழுத் தடை தளர்ந்து, 1978-க்குச் சிறிய ஒதுக்கீடு கிடைத்தது. 1981-இல் அமெரிக்க அரசின் கடல்துறை நிறுவனம் இந்த அமைப்போடு ஒப்பந்தம் போட்டது. எந்த ஊருக்கு எத்தனை என்று பிரிப்பது, வரம்பு மீறினால் தண்டிப்பது, ஆராய்ச்சியில் பங்கெடுப்பது எல்லாம் வேட்டைக்காரர்களின் அமைப்பிடமே வந்தன.

இப்படி அரசும் ஊர்மக்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மீன், விலங்கு, காடு ஆகியவற்றின் பயன்பாட்டைச் சேர்ந்து தீர்மானிப்பதற்குப் பெயர்தான் கூட்டு மேலாண்மை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. வட அமெரிக்காவின் வடபகுதியில், முக்கியமாகக் கனடாவில், அது எப்படி உருவானது, எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கலாம்.

கேட்பது வேறு, சேர்ந்து முடிவெடுப்பது வேறு

'மக்கள் பங்கேற்பு' என்ற சொல்லை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதனாலேயே அதற்குப் பொருள் தேய்ந்துபோய்விட்டது. ஓர் அதிகாரி ஊருக்கு வந்து, அடுத்த ஆண்டு இத்தனை மான்தான் சுடலாம் என்று அறிவித்துவிட்டுப் போனாலும் பங்கேற்பு என்று அறிக்கையில் எழுதிவிடலாம். அதே அதிகாரி, உங்கள் கருத்து என்ன என்று கேட்டு, குறித்துக்கொண்டு, தலைநகருக்குப் போய்த் தன் இஷ்டப்படி முடிவெடுத்தால் அது கலந்தாலோசனை. வருவதற்கு முன்பே முடிவு அவர் பையில் இருந்திருக்கும்.

கூட்டு மேலாண்மையில் முடிவு எடுக்கும் நாற்காலிகளிலேயே பாதி ஊர்க்காரர்களுக்கு. எத்தனை விலங்குகள் இருக்கின்றன என்ற கேள்வியும், அதை எப்படி எண்ணுவது என்ற கேள்வியும் அந்த மேசைக்கே வரும். என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் முக்கியம். எண்ணும் முறையைத் தீர்மானிக்கிறவர் கையில்தான் பெரும்பாலும் முடிவும் இருக்கிறது.

ஒரு புகைப்படத்தின் விலை

கூட்டு மேலாண்மைக்கு முன்பு என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அதன் தேவை புரியும். கனடாவின் வடபகுதியில் கரிபு என்ற மான் லட்சக்கணக்கில் கூட்டம் கூட்டமாக வலசை போகும். குளிர்காலத்தில் காட்டு ஓரம், கோடையில் மரமில்லாத வடவெளி. அங்கே வாழும் பூர்வகுடிகளான டெனே, இனுயிட் மக்களின் வாழ்க்கையும் அதன் பின்னாலேயே போகும்.

1950-களில் கரிபு அழிகிறது என்ற அச்சம் அரசு வட்டாரங்களில் பரவியது. மனிடோபா மாகாணத்தின் வடக்கே டக் ஏரிப் பக்கம் வாழ்ந்த சயிசி டெனே மக்கள் ஆறு கடக்கும் இடத்தில் மான்களை வேட்டையாடி, குளிர்காலத்துக்காக இறைச்சியைச் சேர்த்துவைப்பது வழக்கம். வெளியிலிருந்து வந்தவர்கள் அந்தக் குவியலைப் பார்த்து, வீணடிக்கிறார்கள் என்று முடிவுகட்டினார்கள், புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். குளிர்ப்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சாப்பாட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறார்களே என்று சொல்வதைப் போல. 1956-இல் சுமார் 250 பேரை விமானத்தில் ஏற்றி, ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள சர்ச்சில் நகரத்தின் ஓரத்தில் இறக்கிவிட்டார்கள். வேட்டை இல்லை, வேலை இல்லை, சரியான வீடு இல்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். எஞ்சியவர்கள் 1973-இல் தாங்களாகவே கிளம்பி, மறுபடி உள்நாட்டில் டடூலே ஏரிக்கரையில் குடியேறினார்கள். மத்திய அரசு மன்னிப்புக் கேட்டது 2016-இல். அறுபது ஆண்டுகள்.

அப்புறமாவது பாடம் கற்றார்களா என்றால், உடனே இல்லை. 1980-இல் கமினூரியாக் என்ற கரிபு மந்தையை விமானத்திலிருந்து எண்ணியபோது 39,000 என்று வந்தது. 1968-இல் 63,000 இருந்ததால், மந்தை சரிகிறது, வேட்டையைக் குறைக்க வேண்டும் என்றார்கள் உயிரியலாளர்கள். இனுயிட், டெனே வேட்டைக்காரர்கள் மறுத்தார்கள். மான் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது, நீங்கள் பார்க்காத இடத்தில் இருக்கிறது என்றார்கள். இரு தரப்பும் முறைத்துக்கொண்டு நின்றன. சரி, சேர்ந்து உட்கார்ந்தாவது பேசுவோம் என்று 1982 ஜூனில் பெவர்லி, கமினூரியாக் மந்தைகளுக்காகக் கரிபு மேலாண்மை வாரியம் ஒன்று அமைந்தது. ஊர்களின் பிரதிநிதிகள் அதில் பெரும்பான்மை, அரசுத் தரப்பினர் சிறுபான்மை. கனடாவில் இப்படிப்பட்ட வாரியங்களுக்கு இது முன்னோடிகளில் ஒன்று.

1983-இல் மறுபடி எண்ணினார்கள். வந்த எண் 2,30,000. மூன்றே ஆண்டில் ஆறு மடங்கு குட்டி போடும் மான் உலகத்தில் எங்கும் கிடையாது. ஆக, பழைய கணக்கில் ஏதோ தவறியிருக்க வேண்டும். கணக்கெடுக்கும் முறை மேம்பட்டது ஒரு காரணம். மான்கள் வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்திருக்கலாம் என்பதும் பேசப்பட்டது. எப்படியானாலும், எங்கே பார்க்க வேண்டும் என்பதை வேட்டைக்காரர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது வெறும் மரியாதைக்காக அல்ல, கணக்கு சரியாக வருவதற்காகவும்தான் என்பது அதற்குப்பின் வெளிப்படையாகிவிட்டது.

அரசு ஏன் இறங்கிவந்தது?

நல்ல மனசால் மட்டும் இல்லை. நீதிமன்றம் இடித்ததும் ஒரு காரணம், சொல்லப்போனால் முதல் காரணம். பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த நிஸ்கா மக்களின் தலைவர் பிராங்க் கால்டர் போட்ட வழக்கில், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அந்த நிலத்தில் அதன் பூர்வகுடிகளுக்கு உரிமை இருந்தது என்பதைக் கனடா உச்ச நீதிமன்றம் 1973-இல் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு கியூபெக்கின் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியில் மாபெரும் நீர்மின் திட்டம் ஒன்றை அங்கே வாழும் கிரீ மக்களும் இனுயிட்டும் நீதிமன்றத்தில் தடுத்து நிறுத்தினார்கள். தடை ஒரு வாரம்தான் நின்றது. ஆனாலும் அந்த ஒரு வாரம் அரசைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்துவந்தது. 1975-இல் கையெழுத்தான ஜேம்ஸ் விரிகுடா, வட கியூபெக் உடன்படிக்கையில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கூட்டுக் குழு ஒன்று இடம்பெற்றது.

அதிலிருந்து வரிசையாக வந்தன. மேற்கு ஆர்க்டிக்கின் இனுவியாலுயிட் மக்களோடு 1984-இல், குவிச்சின் மக்களோடு 1992-இல், நுனாவுட் இனுயிட்டுகளோடு 1993-இல், நிஸ்காவோடு 2000-இல், டிலிச்சோ மக்களோடு 2005-இல். 1990-இன் ஸ்பாரோ தீர்ப்பு இன்னொரு முக்கியமான வரிசையைப் போட்டுக்கொடுத்தது: முதலில் இனத்தைக் காப்பது, அடுத்து பூர்வகுடிகளின் சாப்பாட்டுத் தேவை, அதற்குப் பிறகுதான் வணிக மீன்பிடியும் பொழுதுபோக்குத் தூண்டிலும். அனுமதித்ததைவிட நீளமான வலை போட்டார் என்று ஸ்பாரோ என்ற பூர்வகுடி மீனவர் மேல் போட்ட வழக்கு, கடைசியில் நாட்டின் அரசியலமைப்பையே விளக்கும் தீர்ப்பாக முடிந்தது.

ஒரு முடிவு எப்படி நகர்கிறது

நுனாவுட்டை எடுத்துக்கொள்வோம். 1999 ஏப்ரல் 1 அன்று தனி ஆட்சிப்பகுதியான இடம். ஒன்றோடொன்று சாலைத் தொடர்பே இல்லாத 25 ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் வேட்டைக்காரர், பொறிவைப்போர் சங்கம் ஒன்று உண்டு. ஊருக்கு வந்த ஒதுக்கீட்டை யாருக்கு, எப்போது, எப்படி என்று பிரிப்பது அதன் வேலை. அதற்கு மேலே வட்டார அமைப்புகள் மூன்று. உச்சியில் நுனாவுட் வனவிலங்கு மேலாண்மை வாரியம். அதில் ஒன்பது பேர்: இனுயிட் அமைப்புகள் நியமிப்பவர்கள் நால்வர், அரசுகள் நியமிப்பவர்கள் நால்வர், ஒரு தலைவர்.

ஓர் இனத்துக்கு வரம்பு தேவையா, தேவையென்றால் எத்தனை என்று வாரியம் தீர்மானிக்கும். பொது விசாரணை நடக்கும், உயிரியலாளர் வரைபடத்தோடு வருவார், மூத்தவர் இனுக்டிடுட் மொழியில் தான் கண்டதைச் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் இரண்டுக்கும் நடுவில் திண்டாடுவார். வாரியத்தின் முடிவு அமைச்சரிடம் போகும். அவர் மறுக்கலாம், ஆனால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணமும் இனப் பாதுகாப்பு, மக்களின் உடல்நலம் போன்ற சில வகைகளுக்குள் அடங்க வேண்டும். அப்போது வாரியம் மறுபரிசீலனை செய்து திருப்பி அனுப்பும். அதற்குப் பிறகு கடைசிச் சொல் அமைச்சருடையது.

இதில் எனக்குப் பிடித்தது, உடன்படிக்கையின் அடியில் இருக்கும் ஒரு தலைகீழ் மாற்றம். முன்பெல்லாம் வேட்டைக்காரர்தான் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். இப்போது வேட்டை உரிமை அவருடையது, அதற்கு வரம்பு வைக்க விரும்புகிறவர்தான் காரணம் காட்ட வேண்டும். வரம்பு வைத்தாலும் முதல் பங்கு இனுயிட்டின் அடிப்படைத் தேவைக்கு.

எண்ணுகிறவரின் காடு

திமிங்கலமும் மானும் பேசிவிட்டோம், காட்டுக்கு வருவோம். மறுபடியும் ஜேம்ஸ் விரிகுடாவின் கிரீ நாடு. அங்கே காடு ஏறத்தாழ முந்நூறு குடும்ப வேட்டை நிலங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். எந்த மூலையில் மூஸ் மான் குளிர்காலத்தில் ஒதுங்கும், எந்த ஓடையை இந்த ஆண்டு சும்மா விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆங்கிலத்தில் இவரை 'டேலிமேன்' என்பார்கள், அதாவது எண்ணுகிறவர்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. வெளியிலிருந்து வந்து பொறிவைத்தவர்களால் 1930-களில் அந்தப் பகுதியில் பீவர் என்ற நீர்வாழ் கொறிணி கிட்டத்தட்ட அற்றுப்போனது. ரோமத் தோல்தான் அந்த ஊர்களின் காசு. அது போனதும் பசி வந்தது. ரூபர்ட் ஹவுஸ் என்ற வணிக நிலையத்தைச் சுற்றி (இன்றைய வஸ்கஹானிஷ்) பீவர் காப்பகம் அமைத்தார்கள். ஒவ்வொரு நிலத்திலும் பீவர் கட்டிய வீடுகள் எத்தனை என்று எண்ணிக் கணக்குக் கொடுக்க கிரீ பொறுப்பாளர்களையே நியமித்தார்கள். பீவர் மீண்டது. இருந்த தலைவருக்கு அரசு புதிதாக ஒரு பெயர் வைத்தது, அவ்வளவுதான். கிரீ மொழியில் அவர் அதற்கு முன்பும் வேட்டைத் தலைவர்தான்.

1970-களிலிருந்து காகித, மர நிறுவனங்கள் அந்தக் காட்டைப் பெரும் பரப்புகளில் மொட்டையடித்தன. வழக்குகள், ஊர்வலங்கள், பேச்சுகள் என்று இழுத்து, 2002 பிப்ரவரியில் கிரீ மக்களும் கியூபெக் அரசும் 'வீரர்களின் சமாதானம்' என்று பெயர் பெற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மரம் வெட்டும் திட்டத்துக்கு அடிப்படை அலகே குடும்ப வேட்டை நிலம் என்று அது மாற்றியது. அதுவரை அலகு எதுவென்றால், அலுவலக வரைபடத்தில் நிறுவனத்துக்கு வசதியாக இருந்த ஏதோ ஒரு கட்டம். நிலத்தின் ஒரு சதவீதத்தைக் குடும்பத்துக்கு முக்கியமான இடங்கள் என்று பொறுப்பாளர் ஒதுக்கலாம்: முகாம், கல்லறை, கரடிக் குகை. காட்டுப் பகுதியில் 25 சதவீதம் வரை விலங்குகளுக்கு முக்கியமான பரப்பு என்று அவர் குறிக்கலாம். அங்கே மொத்தமாக வெட்ட முடியாது. இடையிடையே காடு நிற்கும்படி துண்டு துண்டாகத்தான் வெட்ட வேண்டும். இரு தரப்பும் சமமாக உட்காரும் காட்டு வாரியம் ஒன்றும் வந்தது.

வெட்டு நிற்கவில்லை. சாலைகளும் கூடின, சாலை வந்தால் வெளி வேட்டைக்காரரும் வருவார். குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு முதியவர் வரைபடத்தில் விரல் வைத்து 'இங்கே வேண்டாம்' என்றால், நிறுவனத்தின் பொறியாளர் அதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்கு முன்பு அந்த விரலுக்கு மதிப்பே இல்லை.

சின்ன அளவிலும் இது நடக்கும். மேற்கு ஆர்க்டிக்கில் பாலடுக் என்ற சிற்றூர். பக்கத்து ஹார்னடே ஆற்றில் ஆர்க்டிக் சார் என்ற மீன், சால்மனுக்கு உறவு. 1968-இல் தொடங்கிய வணிக மீன்பிடியால் மீன் குறைந்தது, 1980-களில் வணிகப் பிடிப்பு நின்றது. 1990-களில் ஊர் வேட்டைச் சங்கமும் மீன்வளத் துறையும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. எவ்வளவு பிடிப்பது, எங்கே வலை போடாமல் விடுவது என்பதெல்லாம் ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. காவலர் வந்து பிடிப்பார் என்ற பயத்தைவிட, பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார் என்ற கூச்சம் நன்றாக வேலை செய்யும்.

இருவரும் சரியாக இருந்தால்?

இதுவரை சொன்ன கதைகளை வைத்து, ஊர்க்காரர் சொன்னால் எப்போதும் சரி, விஞ்ஞானி சொன்னால் தவறு என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது என் எழுத்தின் பிழை. துருவக்கரடி விஷயத்தைப் பாருங்கள்.

ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் 1987-இல் 1,194 கரடிகள், 2004-இல் 935, 2021-இல் 618 என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. அதே கரையில் உள்ள ஆர்வியாட் போன்ற ஊர்களில் மக்கள் சொன்னது: கரடி கூடிவிட்டது, ஊருக்குள்ளேயே வருகிறது, பிள்ளைகளைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது. 2018-இல் ஆர்வியாட்காரர் ஒருவரைக் கரடி கொன்றும்விட்டது. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது: கடல்பனி முன்பைவிடச் சில வாரங்கள் முன்னதாகவே உருகுகிறது. பனிமேல் நின்று கடல்நாய் பிடிக்க முடியாமல், பசித்த கரடிகள் சீக்கிரமே கரையேறி, மனிதர் இருக்கும் இடத்துக்கு வருகின்றன. ஆகவே மொத்தம் குறையும்போதும் கண்ணில் படுவது கூடும். ஊர்க்காரர்களின் பதில்: நீங்கள் எண்ணுவது பெரும்பாலும் சர்ச்சில் பக்கம், கரடியின் வழி மாறுவதை நாங்கள் தலைமுறையாகப் பார்க்கிறோம்.

2005-இல் ஊர்களின் அனுபவத்தை வைத்து ஒதுக்கீட்டை உயர்த்தினார்கள். ஆய்வு முடிவுகள் அழுத்தியதும் அதைச் சட்டென்று வெட்டினார்கள், 2008-09-க்கு வெறும் எட்டு கரடி. பிறகு மறுபடி கொஞ்சம் ஏற்றம். யாருக்கும் திருப்தியில்லை. இரு தரப்பும் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள், பொய் இல்லை. ஆனால் 'எத்தனை' என்ற கேள்விக்கு ஒரு பதில்தான் இருக்க முடியும், அன்றாடம் கரடியைக் காண்கிறவரிடமும் அது முழுதாக இருக்காது. இதை எழுதும் எனக்கு, ஹட்சன் விரிகுடாவில் ஆய்வாளர்கள் பக்கம்தான் கனம் கூட என்று தோன்றுகிறது. ஆனால் வாசலில் கரடி வந்து நிற்பது என் வீட்டில் இல்லை.

இந்தச் சண்டையிலும் ஒரு நல்லது நடந்தது. கரடியை மயக்கி, பிடித்து, கழுத்தில் பட்டை மாட்டுவதை இனுயிட் மக்கள் வெறுத்தார்கள். அது விலங்கை அவமதிப்பது, அந்தக் கரடியின் இறைச்சியையும் உண்ணத் தயக்கம். அந்த எதிர்ப்பால், மயக்காமலே சிறு ஊசியால் தோல்துணுக்கு எடுத்து மரபணு வழியாக அடையாளம் காணும் முறையும் வான்வழிக் கணக்கெடுப்பும் கூடுதலாக இடம்பிடித்தன.

அரசுகளுக்குக் காத்திராமல் வேட்டைக்காரர்களே செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்றும் உண்டு. போஃபர்ட் கடலின் கரடிகளுக்கு நாட்டெல்லை தெரியாது, அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் நடந்துபோகும். 1988-இல் கனடாப் பக்கத்து இனுவியாலுயிட் வேட்டைக்காரர்களும் அலாஸ்காப் பக்கத்து இனுபியாட் வேட்டைக்காரர்களும் தங்களுக்குள்ளேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். குட்டியோடு இருக்கும் தாயைச் சுடக்கூடாது, குகையில் இருப்பதைச் சுடக்கூடாது, ஆண்டுக்கு இத்தனைதான். இரண்டு நாட்டு அரசுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அல்ல அது.

மேசையின் கால்கள்

கூட்டு மேலாண்மைக்குள்ளேயே இருக்கும் கோளாறுகள் பல. ஐந்நூறு பேர் வாழும் ஊரில் வேட்டைச் சங்கம், மீன் குழு, பூங்கா குழு, சுரங்கக் குழு என்று எல்லாவற்றிலும் அதே பத்துப் பேர்தான் உட்கார வேண்டும். வேட்டைக்குப் போவதற்கே நேரமில்லாத வேட்டைக்காரர்! கூட்டத்தின் பேச்சு வழக்கு அலுவலகத்துடையது: கூட்டக் குறிப்பு, நிகழ்ச்சி நிரல், சதவீதம். ஒரு டெனே மூத்தவருக்கு, விலங்கை 'மேலாண்மை' செய்வது என்ற பேச்சே கொஞ்சம் திமிராகப் படும். மான் தன்னைத் தருகிறது, நாம் நம் நடத்தையைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வளர்ந்த விதம். அதை எந்தப் பட்டியலின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

இதைவிடப் பெரிய கோளாறு: எத்தனை மான் சுடலாம் என்று பேசும் மேசை ஒன்று, சுரங்கம் வரலாமா என்று பேசும் மேசை வேறு. முதல் மேசையில் ஊருக்குப் பலம் அதிகம், இரண்டாவதில் குறைவு. அதனால் வேட்டையைக் குறைப்பது எளிது, சாலையையும் கப்பலையும் குறைப்பது கடினம். ஊர் எப்போதும் தோற்பதில்லை என்றும் சொல்ல வேண்டும். நுனாவுட்டில் பாஃபின் தீவின் மேரி ஆற்று இரும்புச் சுரங்கம், ஆண்டுக்கு 1.2 கோடி டன் அளவுக்கு ஏற்றுமதியை உயர்த்தக் கேட்டது. அத்தனை கப்பல் வந்தால் நார்வால் திமிங்கலம் ஓடிவிடும் என்றார்கள் பாண்ட் இன்லெட் ஊர் வேட்டைக்காரர்கள். 2021 பிப்ரவரியில் சிலர் சுரங்கத்தின் விமான ஓடுபாதையிலேயே கூடாரம் போட்டு மறித்தார்கள். நீண்ட விசாரணைக்குப் பின் 2022 மே மாதம் ஆய்வு வாரியம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது, நவம்பரில் அமைச்சர் அதை ஏற்றார்.

பாதர்ஸ்ட் கரிபு மந்தைக்கு அப்படிப்பட்ட வெற்றி இன்னும் வாய்க்கவில்லை. 1986-இல் 4,70,000 இருந்த மந்தை 2009-இல் 32,000, 2018-இல் 8,200, 2021-இல் ஏறத்தாழ 6,200. இந்த முறை வேட்டைக்காரர்களும் மான் குறைகிறது என்பதை மறுக்கவில்லை. அதன் வலசைப் பாதையில் 1998-லிருந்து வைரச் சுரங்கங்கள், அவற்றுக்குக் குளிர்காலப் பனிச்சாலை, காட்டுத்தீ, மாறும் வானிலை, ஓநாய் என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. 2010 தொடக்கத்தில் அரசு அவசரத் தடை போட்டது. டிலிச்சோ மக்களும் அரசும் சேர்ந்த வாரியம் விசாரணைகள் நடத்தியது, 2016-இல் வேட்டை வரம்பைப் பூச்சியம் என்று வைத்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மானோடு வாழ்ந்தவர்கள் அதைச் சுடுவதை நிறுத்தினார்கள்.

அதே 2016-இல் டிலிச்சோ அரசு ஒரு காவல் திட்டத்தைத் தொடங்கியது. கோடை பிறந்ததும் மூத்தவர்களும் இளைஞர்களும் கான்டுவாய்டோ என்ற நெடிய ஏரிக்குப் பறந்துபோய் முகாம் போடுகிறார்கள். படகில் போய், பிறகு நடந்து, குன்றின் மேல் உட்கார்ந்து மான் வருகிறதா என்று காத்திருக்கிறார்கள். வந்தால் எண்ணுகிறார்கள். எண்ணுவதோடு, எந்தச் செடியைத் தின்கிறது, கால் நொண்டுகிறதா, தாயோடு குட்டி இருக்கிறதா, ஈயும் வெயிலும் எப்படிப் படுத்துகின்றன, ஓநாய் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் பார்த்து எழுதிவைக்கிறார்கள். மந்தைக்காகப் போனாலும், சில நாள் ஒரு மானும் கண்ணில் படாது. அன்றைக்கு அதையும் குறித்துக்கொண்டு முகாமுக்குத் திரும்புகிறார்கள்.